ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

நவம்பர் 13, புதன்

ஏ மொச்சை, அம்மா உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கோபப்படாதே. குரூப் நாலு பரீட்சைக்கு என்று நீ கோடு போட்டு வைத்த நோட்டு. முன்பக்கமெல்லாம் உன் எழுத்து. ஆறுகள், அணைகள், ஆண்டுகள். பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. நான் அஞ்சாவது வரைதான். தீப்பெட்டி ஆபீசில் கையெழுத்துப் போடுவதோடு சரி. தப்பு இருந்தால் சிரிக்காதே.

நீ போய் நாலு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று பத்து என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் என்று இருக்கிறது. அன்றைக்கே இன்னொரு சீட்டும் எழுதினார்கள், போலீசில். உன்னைக் கவனித்த நர்சம்மா ஜெபசீலிக்கு மண்டையில் அடி. புருவத்துக்கு மேல் ஏழு தையல். அடித்தது உன் மாமன் சௌந்திரபாண்டி என்று அதில் இருக்கிறது. நானும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

தாய்மாமன் இல்லாமல்தான் உன்னைத் தூக்கினோம். உன் அப்பாவுக்குத் தகவல் சொன்னோம். திருப்பூரில் அந்த இன்னொரு குடும்பத்தை விட்டு வர முடியவில்லை போல.

குளிப்பாட்டும்போது உன் கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஆஸ்பத்திரித் துணி, வலை மாதிரி. அவிழ்க்க வராதோ என்று பயந்தேன். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் முழுக்க வந்துவிட்டது. யார் அப்படி முடிச்சுப் போட்டார்களோ. துணியைத் தூக்கிப் போட மனசில்லை. இந்த நோட்டில்தான் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

ரேஷன் கடைக்குப் போனேன். கார்டிலிருந்து உன் பேரை எடுக்க வேண்டுமாம். பிறகு பார்க்கலாம் என்று சீனி மட்டும் வாங்கி வந்தேன்.

நவம்பர் 16, சனி

ஏட்டையா வந்தார். தூக்குவாளியின் மூடி வேண்டும் என்றார்.

உனக்குக் கஞ்சி வாங்கக் கொண்டுபோன தூக்குவாளி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. அதற்கு அட்டை கட்டி, அரக்கு வைத்து, நம்பர் போட்டிருக்கிறார்களாம். அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம், மொச்சை. இப்போது அதைத் தொட வேண்டும் என்றால் நீதிபதி உத்தரவு போட வேண்டுமாம். எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஏட்டையா கட்டிலில் உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"தூக்கு யாரு வீட்டுது?"

"எங்க வீட்டுதுங்கய்யா."

"கஞ்சி வாங்கிட்டு வந்தது நீ. உள்ள திரை போட்டிருந்துச்சு. நர்சம்மா குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு. பின்னாலயே உன் தம்பி வந்தான். பிள்ளை போயிட்டுன்னு தெரிஞ்சதும் வெறி வந்து, உன் கையில இருந்த தூக்கைப் பிடுங்கி அடிச்சுட்டான். அவனே சொல்லிட்டான். வாட்ச்மேன் ஓடி வரும்போது தூக்கு அவன் கையிலதான் இருந்திருக்கு. அப்படித்தானம்மா?"

நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலை ஆடியது. நான்தான் ஆட்டினேனா என்று தெரியவில்லை.

"பாவம். பெத்த வயிறு," என்று சொல்லிவிட்டு மூடியை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 18, திங்கள்

இன்றைக்குக் கோர்ட்டு. ஜாமீன் கிடைக்கவில்லை.

வாசலில் ஒட்டியிருந்த தாளில் உன் மாமன் பேரைத் தேடினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அரசு எதிர் சௌந்திரபாண்டி" என்று இருந்தது. ஒரு பக்கம் அரசாங்கம். கலெக்டர், போலீஸ், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. இன்னொரு பக்கம் நம் சௌந்திரம்.

மாமனுக்காகப் பேசுகிற வக்கீலம்மா பேர் கஜலட்சுமி. புளியமரத்தடியில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"சாதாரண அடிதடி கேஸ் இல்லம்மா. ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவங்களுக்குன்னே தனிச் சட்டம் இருக்கு. நிரூபணம் ஆச்சுன்னா மூணு வருஷத்துக்குக் குறைக்க முடியாது. பத்து வருஷம் வரைக்கும் போகலாம்."

"ஒரு அடிக்கா?"

"அடிச்சது ஜெபசீலியை இல்ல. அந்த உடுப்பை. நாப்பது கட்டிலுக்கு அன்னைக்கு அந்த அம்மா ஒரு ஆளு. அவங்க விழுந்தா மீதி முப்பத்தொன்பது பேருக்கு ஊசி போட ஆள் கிடையாது. சட்டம் அதைத்தான் பாக்குது."

ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஊழியர்களைத் தாக்கினால் சிறை என்று. உன்னை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது அதில்தான் சாய்ந்து நின்றேன். கோயில் கொடை நோட்டீஸ் மாதிரி நினைத்து ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

உன் அத்தை கோமு வந்தாள். பிள்ளைகள் இரண்டையும் கூட்டி வந்து என் எதிரில் உட்கார வைத்தாள்.

உன் மாமனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அரசாங்க பஸ் டிரைவர் இரண்டு நாள் உள்ளே இருந்தாலே சஸ்பெண்டாம். தண்டனை ஆனால் வேலையே போய்விடுமாம். பதினேழு வருஷம் ஓட்டிய வண்டி.

"ஒரு பாம்பு குறுக்க போனாக்கூட பிரேக் போடுற மனுஷன் மதினி அது," என்றாள். "எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். என் மேல ஒரு நாள் கை வச்சதில்ல. யாரோ ஒரு நர்சு மேல எப்படிக் கை நீண்டுச்சு? சொல்லுங்க. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். குடத்தில் தண்ணீர் இல்லை. வெறும் செம்போடு அடுக்களையில் நின்றேன்.

"ஒம் புருஷனா இருந்தா இப்படித்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பியா மதினி?" என்று கேட்டாள். எப்போதும் என்னை வாங்க போங்க என்பாள்.

நவம்பர் 21, வியாழன்

கிளைச் சிறைக்குப் போய் உன் மாமனைப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் கம்பி, நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. எல்லோரும் கத்துகிறார்கள். நாங்களும் கத்தித்தான் பேசினோம்.

"என்னக்கா, இளைச்சுட்ட? சாப்பிடுறியா இல்லியா? இங்க சோறு எங்க டிப்போ கேன்டீனை விடத் தேவலை. சாம்பார்ல பருப்பு இருக்கு!"

பக்கத்திலிருந்தவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"சௌந்திரம், நான் போய்ச் சொல்லிடுறேன்டா."

அவன் முகம் மாறிவிட்டது. "மெதுவாப் பேசு" என்று கையைக் காட்டினான். அந்தச் சந்தையில் மெதுவாக எப்படிப் பேச.

"பிள்ளைக்குப் பதினாறாம் நாள் வருது. நீதான் செய்யணும். வேற யாரு இருக்கா? அதை மட்டும் நினை. மீதியை நான் பாத்துக்கிடுறேன். வாயைத் திறந்த, அப்புறம் அக்கா தம்பி இல்ல."

மொச்சை, நாலு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் காருக்கு வழி விடவில்லை என்று ஒருவன் உன் மாமனைக் கன்னத்தில் அறைந்தானே. சட்டைப் பை கிழிந்து தொங்க வீட்டுக்கு வந்தானே. எல்லோரும் சமாதானமாகப் போகச் சொன்னபோது அவன் கேட்கவில்லை. "என்னை அடிச்சிருந்தா விட்டிருவேன். காக்கியை அடிச்சிருக்கான். அம்பத்தஞ்சு உசுரை ஏத்திக்கிட்டுப் போறவன் மேல கை வச்சிருக்கான்," என்று கோர்ட்டுக்கு நடையாய் நடந்தான். தண்டனை வாங்கிக் கொடுத்தான். நீ அன்றைக்கு அவனுக்கு லட்டு வாங்கி ஊட்டினாய்.

அவன்தான் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறான். எந்தக் கேஸ் எவ்வளவு தூரம் போகும் என்று அவனைவிடத் தெரிந்தவர் நம் வீட்டில் யாரும் இல்லை. தெரிந்தேதான் என் கையிலிருந்து அந்தத் தூக்கை வாங்கினான்.

நவம்பர் 22, வெள்ளி

வலது மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. கண்ணாடி வளையல் கீறின இடம் ஆறவில்லை.

நவம்பர் 25, திங்கள்

பதினாறாம் நாள் முடிந்தது. உனக்குப் பிடித்த அவித்த மொச்சையும் படைத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரிதான் பிறந்தாய், அதனால்தானே அந்தப் பேர். கோமு வந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் பாத்திரம் எல்லாம் அவள்தான் கழுவினாள்.

சௌந்திரம் நினைக்கச் சொன்னதை நினைத்து முடித்தாகிவிட்டது.

நவம்பர் 27, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

உன் சிகிச்சைச் சீட்டின் நகல் வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஜன்னலில் கேட்பது என்று தெரியவில்லை. கால் தானாகப் பெண்கள் வார்டுக்குப் போய்விட்டது. மூலையில் உன் கட்டில். சுற்றிலும் அதே பச்சைத் திரை போட்டிருந்தது.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாராச்சும் ஒரு பொம்பளை ஆள் உள்ள வாங்களேன். ஒரு கை பிடிக்கணும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் திரையை விலக்கினேன்.

நர்சம்மா ஜெபசீலி நின்றிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கண்ணுக்குக் கீழே மஞ்சளாக ரத்தம் கட்டியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வந்துவிட்டார். கட்டிலில் ஒரு பாட்டியம்மா. அப்போதுதான் உயிர் போயிருக்கிறது. கூட யாரும் இல்லை.

என்னைப் பார்த்தார். ஒரு நொடி கை நின்றது. பிறகு, "காலைச் சேத்துப் பிடிங்க," என்றார்.

பிடித்தேன். பாதம் இன்னும் முழுக்கச் சில்லிடவில்லை. நர்சம்மா வெள்ளைத் துணியைக் கிழித்தார். பாட்டியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உயிரோடு இருப்பவளிடம் சொல்வது மாதிரி, "காலைக் கட்டப் போறேன் ஆச்சி. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க," என்றார். அப்புறம்தான் விரலைத் தொட்டார். துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடக்கி உள்ளே விட்டு இழுத்தார்.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும்.

என்னால் பிடித்த காலை விட முடியவில்லை. அழவும் முடியவில்லை. கோயிலில் திரை விலகி விளக்கு காட்டும்போது வாய் அடைத்து நிற்போமே, அப்படி நின்றேன்.

"எதுக்கு இப்பவே கட்டுறீங்க? சொந்தக்காரங்க வந்து கட்ட மாட்டாங்களா?" என்று கேட்டேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நேரமாச்சுன்னா விறைச்சிரும். அப்புறம் விரலை வளைச்சு, நெருக்கித்தான் கட்டணும். அதைப் பெத்தவங்க கையால செய்ய வேண்டாம்னுதான் நானே கட்டிருவேன். ஆனா கடைசியா ஒரு தடவ அவுத்துப் பாக்க ஆசைப்படுவாங்க. அதுக்காக உருவுற மாதிரி போடுவேன்."

மொச்சை, இப்போது எழுதுகிறேன். இனி மறைக்க மாட்டேன். கஞ்சிக்கு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். திரையை விலக்கினேன். நீ படுத்திருக்கிறாய். ஒருத்தி உன் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். செத்தவர்களுக்குத்தானே காலைக் கட்டுவார்கள். நீ காலையில் உப்புப் போட்டுக் கஞ்சி கேட்டவள். என் பிள்ளை உயிரோடு இருக்கும்போதே ஒருத்தி கட்டுகிறாள், கட்டிச் சாகடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, பொய்யில்லை. கை ஓங்கிவிட்டது. என் கைதான்.

இரண்டு நாள் மெடிக்கல் மாத்திரையே போதும் என்று உன்னை வீட்டில் வைத்திருந்ததும் நான்தான். அதையும் இதே பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

நர்சம்மா பாட்டியின் மேல் துணியை இழுத்து மூடினார். நான் அவர் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்திவிட்டார்.

"கால்ல விழுந்து கேஸை வாபஸ் வாங்கச் சொல்லாதீங்க. வாங்க முடியாது. முடிஞ்சாலும் வாங்க மாட்டேன். போன வருஷம் என்கூட வேலை பாத்த பிள்ளைக்கு ஒருத்தன் கையை முறிச்சான். எல்லாரும் சமாதானம் பேசினாங்க. அவ வேலையை விட்டுட்டுப் போயிட்டா. இன்னைக்கு அவ இருந்திருந்தா இந்த வார்டுல ரெண்டு பேர் இருந்திருப்போம்."

"அதுக்கில்லம்மா. என் தம்பி..."

"உங்க தம்பி அடிக்கல," என்றார்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் குனிஞ்சிருந்தேன். ஆளைப் பாக்கல. போலீஸ்ல பாத்தீங்களான்னு கேட்டாங்க, பாக்கலன்னு சொன்னேன். அது நெசம். ஆனா கண்ணாடி வளையல் உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. சத்தத்தைப் பத்தி யாரும் கேக்கல."

அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தார். "துண்டெல்லாம் உங்க பிள்ளை கால் மேல விழுந்து கிடந்துச்சு. சிவப்பு வளையல். குத்திரக் கூடாதுன்னு முதல்ல அதைத்தான் பொறுக்கினேன். பிறகுதான் எனக்கு ரத்தம் வாரதே தெரிஞ்சது."

மொச்சை, என் அடியை வாங்கிக்கொண்டு உன் காலில் கண்ணாடி குத்தாமல் பார்த்தாள் ஒருத்தி. சட்டம் அவளுக்காக மூன்று வருஷம், பத்து வருஷம் என்று எழுதி வைத்திருப்பது அதிகம் என்று அன்றைக்குப் புளியமரத்தடியில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

என் கையைப் பிடித்து மருந்து போட்டுவிட்டார். வளையல் கீறின இடத்தில்.

நவம்பர் 28, வியாழன்

ஸ்டேஷனில் ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"எல்லா அக்காவும் இப்படித்தான் வரும். தம்பியைக் காப்பாத்த நீ உள்ள போறேங்கிற. அவன் உன்னைக் காப்பாத்த உள்ள போனேன்னு சொல்லுவான். நான் யாரைத்தான் புடிக்கிறது? வீட்டுக்குப் போம்மா."

வக்கீலம்மாவிடம் போனேன். அவர் கேஸ் கட்டைத் திரும்ப ஒரு தடவை புரட்டினார். பிறகு, "உங்களுக்குத்தான் அந்த மூணு வருஷம் வரும். புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். "சரி. நீதிபதி முன்னாலயே சொல்லுங்க," என்றார்.

நவம்பர் 29, வெள்ளி

நீதிபதி ஐயாவுக்கு உன் மாமன் வயசுதான் இருக்கும். அறையில் போலீஸ் யாரும் இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார். என்னை உட்காரச் சொன்னார். கோர்ட்டில் எனக்கு நாற்காலி.

"யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லங்கய்யா."

"இதைச் சொல்லியே ஆகணும்னு உங்களுக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. சொன்னா அதை உங்களுக்கு எதிராவே பயன்படுத்தலாம். அது தெரியுமா?"

"தெரியும்யா."

"வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க. திங்கட்கிழமை வாங்க. வரணும்னு தோணலைன்னா வர வேண்டாம். வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

வெளியே வந்து அதே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பிடித்து உள்ளே வைக்கப் போகிற சட்டம். அதுவே என்னை உட்கார வைத்து, நல்லா யோசித்துக்கொள் என்று மூன்று நாள் தருகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம், மொச்சை. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியவர்கள் யாராக இருக்கும்? நீ பரீட்சை எழுதிப் போக ஆசைப்பட்டது இந்த அரசாங்க வீட்டுக்குள்தானா? நீ ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி உன்னைப் பார்த்துக் கத்தினால், கை ஓங்கினால், உனக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும், இல்லையா?

டிசம்பர் 1, ஞாயிறு

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கோமு வீட்டில் கொடுத்துவிட்டேன். வீட்டுச் சாவியையும் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

என் முகத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மதினி, மதினி," என்று அழுதாள். எனக்கு வலிக்கவே இல்லை. இந்த அடிக்குச் சட்டம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

டிசம்பர் 2, திங்கள்

விடிந்து குளித்துவிட்டேன். ஒன்பது மணி பஸ். வேறு டிரைவர்தான் ஓட்டுவார். உன் மாமன் இன்னும் கொஞ்ச நாளில் அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும்.

இந்த நோட்டைக் கோமுவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். உன் வெள்ளைத் துணியை மட்டும் முந்தானையில் முடிந்திருக்கிறேன். நர்சம்மா மாதிரியே முடிச்சுப் போடப் பார்த்தேன். வரவில்லை. அவிழாத கட்டு முடிச்சுதான் விழுந்தது. அந்தக் கைக்கு எத்தனை பேர் காலைக் கட்டிப் பழக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒன்று கேட்டேன், மொச்சை. எழுத முடியாமல் வைத்திருந்தேன். "அந்தப் பாட்டிக்குச் சொன்ன மாதிரி என் பிள்ளைக்கும் ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று. சொன்னேன் என்றார். "கொஞ்சம் பொறுத்துக்கோ தங்கம், அம்மா கஞ்சி வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு முடிச்சை இழுக்கிறேன், திரை விலகுச்சு."

திரை விலகினது, வளையல் உடைந்தது, கஞ்சி கொட்டினது. வந்தது அம்மாதான் என்று உனக்குத் தெரிந்ததா, மொச்சை?